எதிரி ஆண்ட மணிலாவில் அதிபரின் மனைவி

"இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்து வைத்திருந்த மூன்று வருடமும் அந்த நாட்டு அதிபரின் மனைவி எப்படி வாழ்ந்தார்? மாளிகையில் சௌகரியமாக இருந்தாரா, கைதி மாதிரி இருந்தாரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரே வரிதான், ஆனால் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாடே எதிரியின் கையில் இருக்கும்போது அதிபர் என்ற பதவி அவர் குடும்பத்தையாவது காப்பாற்றியதா என்பது ஒன்று. கணவன் எதிரியோடு மேசையில் உட்கார்ந்தால் அதில் மனைவிக்கு எவ்வளவு பங்கு என்பது மற்றொன்று. முதலாவதற்கு என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குப் பாதிதான்.

நான் தென்கிழக்காசிய வரலாற்றைக் கல்லூரியில் 27 ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவன். தகாலோக் மொழியும் ஸ்பானிஷும் எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் வந்த ஆவணங்களையும் நினைவுக் குறிப்புகளையும் வைத்துத்தான் பேசுகிறேன். அந்த ஓட்டை இந்தப் பதிலில் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். "அதிபரின் மனைவி" என்று ஒருமையில் கேட்டால் யாரைச் சொல்வது? 1943 அக்டோபர் முதல் போர் முடியும்வரை பிலிப்பைன்ஸுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அதிபர்கள் இருந்தார்கள். ஒருவர் 1935இல் தேர்தலில் வென்று, ஜப்பான் வந்ததும் வெளியேறி, வாஷிங்டனில் உட்கார்ந்து அரசு நடத்திய மானுவெல் கேசோன் (பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் ஆளுகைக்குக் கீழ் இருந்த நாடு). இன்னொருவர் ஜப்பானின் ஆதரவோடு மணிலாவில் 1943 அக்டோபர் 14 அன்று பதவியேற்ற ஹோசே லவுரெல். 1944 ஆகஸ்ட் 1 அன்று கேசோன் இறந்ததும், அவருக்குத் துணை அதிபராக இருந்த செர்ஹியோ ஒஸ்மேன்யா நாடு கடந்த அரசின் அதிபரானார். ஆக மூன்று அதிபர்கள், மூன்று மனைவிகள். ஔரோரா கேசோன், பசென்சியா லவுரெல், எஸ்பெரான்சா ஒஸ்மேன்யா. ஔரோரா என்றால் விடியல், பசென்சியா என்றால் பொறுமை, எஸ்பெரான்சா என்றால் நம்பிக்கை. கதை எழுதுகிறவன் இப்படிப் பெயர் வைத்திருந்தால் நானே அடித்துத் திருத்தச் சொல்லியிருப்பேன்.

ஔரோராவிலிருந்து தொடங்கலாம். அவர் ஆக்கிரமிப்புக்குள் வாழவில்லை, அதன் வாசலில் வாழ்ந்தார் என்று சொல்லலாம். 1941 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கேசோன் குடும்பம் மணிலாவை விட்டுக் கப்பலேறி, விரிகுடாவின் வாயில் இருக்கும் கொரெகிடோர் தீவுக்குப் போனது. கூடவே ஒஸ்மேன்யாவும் போனார். ஔரோராவுக்கு அப்போது 53 வயது. 22, 20 வயதில் இரண்டு பெண்கள், 15 வயதில் ஒரு பையன். கணவருக்கு முற்றிய காசநோய்.

அங்கே அவர்கள் தங்கியது மலிந்தா சுரங்கத்தில். மலையைக் குடைந்து அமெரிக்கர்கள் கட்டியது. நடுவே 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய குகைப் பாதை, அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி பிரியும் கிளைச் சுரங்கங்கள். ஒன்றில் ஆஸ்பத்திரி, ஒன்றில் படைத் தலைமையகம், ஒன்றில் வெடிமருந்து, ஒன்றில் பெண்களும் பிள்ளைகளும். டிசம்பர் 29 அன்று தீவின்மேல் முதல் குண்டுவீச்சு நடந்தது. மறுநாள் கேசோனின் இரண்டாவது பதவிக்காலம் தொடங்குகிறது. மாளிகையில் நடக்க வேண்டிய பதவியேற்பு, சுரங்கத்தின் வாயருகே எளிய மேடையில் நடந்தது. பிரமாணம் செய்துவைத்த தலைமை நீதிபதி ஹோசே அபாத் சாந்தோஸை அடுத்த வருடமே ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள்.

காசநோய் கண்ட ஒருவருக்கு அந்தச் சுரங்கத்தைவிட மோசமான இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். குண்டு விழும்போதெல்லாம் கூரையிலிருந்து தூசி கொட்டும், ஈரம், டீசல் வாடை, மூச்சு முட்டும் கூட்டம். கேசோன் இருமி இருமித் தளர்ந்து, உள்ளே இருக்க முடியாமல் வெளியே கூடாரத்தில் போய்ப் படுத்தார். மனைவியின் வேலை என்ன என்று கேட்டால் அதுதான், நோயாளியைப் பார்த்துக்கொள்வது. அரசியல் அறிக்கைகள், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டோடு தந்திச் சண்டை எல்லாம் ஆவணங்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த நோயாளிக்கு யார் கஞ்சி கொடுத்தார்கள், யார் போர்வை மாற்றினார்கள் என்பது எந்தத் தந்தியிலும் இல்லை.

1942 பிப்ரவரி 20 இரவு 'ஸ்வோர்ட்ஃபிஷ்' என்ற நீர்மூழ்கிக் கப்பலில் குடும்பத்தை ஏற்றினார்கள். அங்கிருந்து பனாய், நீக்ரோஸ் தீவுகள், பிறகு இருட்டில் ஒரு டார்பிடோ படகில் மிந்தனாவ், அங்கிருந்து குண்டுவீச்சு விமானத்தில் ஆஸ்திரேலியா, அப்புறம் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ. மே 8 அன்று கரையிறங்கினார்கள். இரண்டு நாளைக்கு முன்புதான் கொரெகிடோர் விழுந்திருந்தது. வாஷிங்டனில் ஷோர்ஹாம் ஹோட்டல் வாசம். பசி இல்லை, பயம் இல்லை. ஆனால் நோய் விடவில்லை. நல்ல காற்றுக்காக ஊர் ஊராக மாற்றிப் பார்த்து, கடைசியில் நியூயார்க் மாநிலத்து சரனாக் லேக்கில் கேசோன் கண்ணை மூடினார். அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸை மீட்க லெய்ட்டே தீவில் இறங்குவதற்குச் சரியாக 80 நாள் பாக்கி.

இப்போது மணிலாவுக்கு வருவோம், ஏனென்றால் கேட்டவர் மனதில் இருந்தது அநேகமாக பசென்சியா லவுரெல்தான். 1911இல் கல்யாணம், ஒன்பது பிள்ளைகள், படாங்காஸ் மாகாணத்து தனவுவான் ஊர்க்காரர். கணவர் பெரிய சட்ட நிபுணர், உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். மாளிகை உண்டு, காவல் உண்டு, வண்டி உண்டு. இவையெல்லாம் காப்பாற்றினவா?

1943 ஜூன் 5. லவுரெல் இன்னும் அதிபராகவில்லை, ஜப்பானியர் கீழ் இயங்கிய நிர்வாகக் குழுவில் ஒருவர். வாக் வாக் கோல்ஃப் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தவரைக் கெரில்லாக்கள் சுட்டார்கள். சுட்டவர்கள் ஜப்பானியர் இல்லை, சொந்த நாட்டுக்காரர்கள். பல குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தார். அடுத்த நான்கு மாதத்தில் அவர் அதிபர். பசென்சியாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஜப்பானிய ராணுவப் போலீஸ் கெம்பெய்தாய் கணவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. கெரில்லாக்கள் கணவரைத் துரோகி என்கிறார்கள். வாசலில் நிற்கும் காவலாளி எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாது. நமக்கு மாளிகை என்றால் மதில் சுவர்தான் ஞாபகம் வருகிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் மாளிகை என்பது ஊரில் எல்லோருக்கும் விலாசம் தெரிந்த வீடு, அவ்வளவுதான்.

(லவுரெலைத் தமிழர்கள் ஒரு புகைப்படத்தில் பார்த்திருக்கலாம். 1943 நவம்பரில் தோக்கியோவில் நடந்த கிழக்காசிய மாநாட்டில் ஜப்பானியப் பிரதமர் தோஜோவின் வரிசையில் நிற்கும் தலைவர்களில் அவரும் ஒருவர். அதே படத்தில் ஓரமாக சுபாஷ் சந்திர போஸ் நிற்பார்.)

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் மாளிகைக்கு வித்தியாசம் இருந்தது, அதை மறுக்க முடியாது. மணிலாவில் அரிசியைக் 'காவான்' என்ற மூட்டைக் கணக்கில் விற்பார்கள். போருக்கு முன் ஒரு காவான் ஏழு பேசோவுக்குள் கிடைத்தது. 1944 முடிவில் அதன் விலை ஆயிரக்கணக்கில். ஜப்பானியர் அச்சடித்துத் தள்ளிய நோட்டை ஜனங்கள் 'மிக்கி மவுஸ் பணம்' என்று கேலி செய்தார்கள். ஓலைப் பையில் பணத்தைக் கொண்டுபோய், வாங்கிய அரிசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்பது அன்றைய பேச்சு. கடைசியில் 500 பேசோ நோட்டே அடிக்க வேண்டிய நிலை வந்தது. என் பாட்டி மலேயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டுகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். ஒரு கட்டு முழுக்க இருக்கும். "இதுக்கு ஒரு படி அரிசி வராதுடா" என்று சொல்லி, எங்களுக்குக் கடை வைத்து விளையாடக் கொடுப்பார். மணிலாவிலும் மலேயாவிலும் வேறு வேறு படம் போட்ட அதே காகிதம்தான். காலி மனையில் எல்லாம் கிழங்கும் கீரையும் போடுங்கள் என்று லவுரெல் அரசு ஊரைக் கேட்டுக்கொண்டது. மாளிகையில் பட்டினி கிடந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. மாளிகைக்கு வெளியே, 1944 கடைசி மாதங்களில், தெருவோரம் பிணம் கிடந்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாமவர் எஸ்பெரான்சா. எனக்கு இந்த மூவரில் அதிகம் உறுத்துவது இவர் கதைதான். ஒஸ்மேன்யா 1941 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கேசோனோடு கிளம்பினார் என்று சொன்னேன் இல்லையா, அவர் மனைவி பிள்ளைகள் போகவில்லை. ஜப்பானியர் பிடித்த நாட்டிலேயே இருந்துவிட்டார்கள். கணவர் வாஷிங்டனில், ஜப்பானியர் எதிரியாகப் பார்த்த அரசின் துணை அதிபர், மனைவி ஜப்பானியர் ஆளும் நாட்டில். எஸ்பெரான்சா அவருக்கு இரண்டாம் தாரம், 1920இல் மணந்தவர். முதல் மனைவியின் பிள்ளைகள் வேறு வேறு திசையில் போனார்கள். டாக்டரான ஒரு மகன் ஜப்பானியர் கையில் உயிர்விட்டார். வேறு இரண்டு மகன்கள்மேல், ஜப்பானியரோடு வியாபாரம் செய்து ஒத்துழைத்தார்கள் என்று போருக்குப் பிறகு வழக்கு வந்தது. ஒரே அப்பாவின் பிள்ளைகள்.

1944 ஆகஸ்ட் 1 அன்று கேசோன் இறந்தவுடன் சட்டப்படி எஸ்பெரான்சா நாட்டின் முதல் பெண்மணி ஆகிறார். விழா இல்லை, வாழ்த்து இல்லை. சொன்னால் ஆபத்து. வானொலிகளில் சிற்றலைப் பகுதியைக் கழற்றிவிட வேண்டும் என்பது ஜப்பானியர் உத்தரவு, வெளிநாட்டுச் செய்தி கேட்டால் தண்டனை. ஒளித்து வைத்த வானொலிகள் இருந்தன, செய்தி காதோடு காதாகப் பரவியது என்பது உறுதி. ஆகவே சீக்கிரமே அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

1944 டிசம்பரில் லவுரெல் அரசை ஜப்பானியர் பாகியோவுக்கு நகர்த்தினார்கள். பாகியோ நம் ஊட்டி மாதிரி. 1,500 மீட்டர் உயரம், பைன் மரங்கள், அமெரிக்கர்கள் உண்டாக்கிய கோடைத் தலைநகரம். ஜப்பானியப் படைத் தளபதி ஜெனரல் யமாஷிதாவும் அங்கேதான் தலைமையகம் வைத்தார். பசென்சியாவும் அங்கே போனார். எஸ்பெரான்சாவும் அப்போது பாகியோவில் இருந்தார். மாணவர்களுக்கு நான் பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். ஒரு நாட்டின் இரண்டு அதிபர்களுடைய மனைவிமார், ஒருவர் ஜப்பான் அங்கீகரித்தவரின் மனைவி, மற்றவர் அமெரிக்கா அங்கீகரித்தவரின் மனைவி, ஒரே மலையூரில், ஒரே அமெரிக்கக் குண்டுகளுக்குக் கீழே. 1945 மார்ச்சில் பாகியோவைத் தரைமட்டமாக்கினார்கள். விமானிக்குக் கீழே எந்த வீட்டில் யார் மனைவி என்று தெரியுமா என்ன?

அங்கிருந்து இருவரும் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். மார்ச் 22 அன்று லவுரெல் குடும்பம் ஜப்பானியர் துணையோடு வடக்கே கிளம்பியது. பகலில் அமெரிக்க விமானங்கள் சாலையைச் சுடும், அதனால் இரவில் மலைப் பாதையில் பயணம். வட லூசோனிலிருந்து விமானத்தில் தைவான், பிறகு ஜப்பானில் நாரா. அங்கே ஒரு ஹோட்டலில் வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று, ஜப்பான் சரணடைந்து இரண்டு நாள் கழித்து, அந்த ஹோட்டல் நகரத்திலிருந்தபடியே லவுரெல் தன் குடியரசைக் கலைத்து அறிவித்தார். செப்டம்பரில் அமெரிக்கர்கள் வந்து அவரைக் கைது செய்தார்கள். பிறகு தோக்கியோவின் சுகாமோ சிறை. மனைவியும் பிள்ளைகளும் அவர் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. எஸ்பெரான்சா எதிர்ப்பக்கம். 1945 ஏப்ரலில் மலையிலிருந்து இறங்கி அமெரிக்கப் படைகளின் பக்கம் வந்து சேர்ந்தவர்களில் அவரும் பிள்ளைகளும் இருந்தார்கள். கணவரைப் பிரிந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இதுவரை சொன்ன தேதிகளும் இடங்களும் உறுதியானவை. இனி வருவதில் கவனம் வேண்டும். அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள், வீட்டுக்குள் என்ன பேசினார்கள் என்று படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி கணவர்கள் எழுதியது, அல்லது பிள்ளைகள் பின்னாளில் சொன்னது. லவுரெல் தன் போர்க்கால நினைவுகளை சுகாமோ சிறையில், தாள் இல்லாமல், கையிலிருந்த ஒரு புத்தகத்தின் பக்க ஓரங்களில் எழுதினார். தேசத்துரோக வழக்கு தலைக்கு மேல் தொங்கும்போது ஒரு சட்ட நிபுணர் எழுதிய எழுத்து அது. பொய் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியும் நீதிமன்றத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும் என்கிறேன். 1945இல் ஒத்துழைப்பு வழக்குகளுக்கென்றே மக்கள் நீதிமன்றம் வைத்தார்கள். அதன்பிறகு மணிலாவின் பெரிய வீடு ஒவ்வொன்றும் கெரில்லாவுக்கு ரகசியமாகச் சோறு போட்ட வீடாகிவிட்டது. சில வீடுகள் உண்மையிலேயே போட்டன. எல்லா வீடும் போட்டிருந்தால் கெரில்லாக்கள் அவ்வளவு இளைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே மனைவிக்குப் பங்கு எவ்வளவு என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். லவுரெல்மேல் 132 குற்றச்சாட்டுகள் வைத்தார்கள். விசாரணை முடியும் முன்பே 1948 ஜனவரியில் அதிபர் ரோஹாஸ் பொது மன்னிப்பு அறிவித்தார். தீர்ப்பே வராத வழக்கில் கணவர் குற்றவாளியா என்பதே இன்னும் விவாதம். நாட்டை முழு நாசத்திலிருந்து காக்க நடுவில் நின்றவர் என்று ஒரு கட்சி, எதிரிக்கு மரியாதை முகம் கொடுத்தவர் என்று ஒரு கட்சி. ஜப்பான் கேட்டபடி பிலிப்பினோ இளைஞர்களைக் கட்டாயப் படைக்கு அனுப்ப அவர் ஒத்துக்கொள்ளவில்லை, 1944 செப்டம்பரில் போர் நிலையை அறிவித்தபோதும் ஆள் சேர்ப்பை ஏற்கவில்லை. நான் அவர் பக்கம் கொஞ்சம் சாய்வது இதனால்தான். ஆனால் அந்தச் சாய்வைப் பசென்சியாவின் கணக்கில் எழுதவும் எனக்கு மனமில்லை, கணவரின் பழியையும் எழுத மனமில்லை. வாக்குரிமையே அந்நாட்டுப் பெண்களுக்கு 1937இல்தான் கிடைத்தது. பதவியை ஏற்கலாமா வேண்டாமா என்று 1943இல் யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஔரோரா போருக்குப் பிறகு நாடு திரும்பினார். அரசு கொடுக்க முன்வந்த ஓய்வூதியத்தை, போரில் இத்தனை விதவைகளும் அனாதைகளும் இருக்கும்போது எனக்கு வேண்டாம் என்று மறுத்தார். பிலிப்பைன்ஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1949 ஏப்ரல் 28 அன்று கணவர் பெயரிலான ஆஸ்பத்திரியைத் திறக்கச் சொந்த ஊரான பாலேருக்குப் போகும் வழியில், மலைப்பாதையில் மறைந்திருந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். மூத்த மகளும் மருமகனும் கூடவே இறந்தார்கள். பழி ஹுக் படைமேல் விழுந்தது. தலைமை உத்தரவிட்டதா, ஒரு குழு தானாகச் செய்ததா என்பது இன்றும் சர்ச்சைதான். ஜப்பானியரை எதிர்க்க 1942இல் பிறந்த படை அது.

இன்னொருவரைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை, கேள்விக்குக் கொஞ்சம் வெளியே என்றாலும். அலிசியா கிரினோ. கணவர் எல்பீடியோ கிரினோ அப்போது செனட்டராக இருந்த அரசியல்வாதி, அதிபர் இல்லை. 1945 பிப்ரவரியில் மணிலாவை மீட்கும் சண்டை தெருத் தெருவாக நடந்தது. ஒரு மாதத்தில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். எர்மித்தா பகுதியில் வீடு குண்டடிபட, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த தன் அம்மா வீட்டுக்கு ஓடிய அலிசியாவை ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி தெருவிலேயே வீழ்த்தியது. ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் இறந்தார்கள், கடைசியது கைக்குழந்தை.

1948 ஏப்ரலில் ரோஹாஸ் திடீரென்று இறக்க, கிரினோ அதிபரானார். மலகான்யாங் மாளிகையில் முதல் பெண்மணி நிற்க வேண்டிய இடத்தில், வெளிநாட்டுத் தூதர்களைக் கைகுலுக்கி வரவேற்றுக்கொண்டு, அந்தத் தெருவில் பிழைத்த மகள் விக்டோரியா நின்றாள். அவளுக்கு அப்போது 16 வயது.